சேல்ஸ்ஃபோர்ஸ் தரவை ஆர் மொழியுடன் இணைத்து அறிக்கை தயாரித்தல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல நிறுவனங்களில் மாதாந்தர விற்பனை அறிக்கை இன்றும் ஒரே விதமாகத்தான் தயாராகிறது. ஒருவர் சேல்ஸ்ஃபோர்ஸில் ஓர் அறிக்கையைத் திறந்து, அதை எக்செல் கோப்பாக இறக்கி, வேண்டாத நெடுவரிசைகளை நீக்கி, புள்ளியியல் மென்பொருளுக்குள் ஏற்றி, வரைபடம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்புகிறார். அடுத்த மாதம் அத்தனையையும் முதலிலிருந்து மறுபடி செய்கிறார். எந்த வடிகட்டியை எப்போது போட்டார், எந்த வரிசைகளைக் கையால் அழித்தார் என்பதெல்லாம் அவர் நினைவில் மட்டுமே இருக்கும். அவர் விடுப்பில் போனால் அந்த மாத அறிக்கையும் விடுப்பில் போய்விடும்.

இந்த வேலையை ஆர் மொழியில் ஒருமுறை எழுதி வைத்து, தேவைப்படும்போதெல்லாம் தரவு நேராக வந்து சேரும்படி செய்வது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். வாடிக்கையாளர் உறவு மேலாண்மை மென்பொருள்களில் பரவலாகப் புழங்குவது என்பதால் சேல்ஸ்ஃபோர்ஸையும், இலவசமாகக் கிடைக்கும் புள்ளியியல் மொழி என்பதால் ஆரையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சாஸ், ஸ்டேட்டா, எஸ்பிஎஸ்எஸ் ஆகியவற்றில் வேலை செய்பவர்களுக்கு இணைப்பான் மட்டுமே வேறுபடும். சாஸில் சேல்ஸ்ஃபோர்ஸுக்கென்றே தனி அணுகல் தொகுதி உண்டு. ஸ்டேட்டாவிலும் எஸ்பிஎஸ்எஸ்ஸிலும் ஓடிபிசி (வெளித் தரவுத்தளங்களுடன் இணைக்கும் பொது முறை) இயக்கி வழியாகச் செல்லலாம். அனுமதி, நேர மண்டலம், சரிபார்த்தல் பற்றிக் கீழே சொல்லியிருப்பவை எல்லோருக்கும் பொதுவானவை. கட்டளைகளையும் புல (நெடுவரிசை) பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்திலேயே இட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நேரடி இணைப்பு என்றதும், அறிக்கையில் உள்ள எண் ஒவ்வொரு நொடியும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஆய்வுக்கு அது உதவாது, பெரும்பாலும் இடைஞ்சல்தான். அறிக்கையின் முதல் பக்கத்துக்கான வினவல், அதாவது தரவைக் கேட்கும் கட்டளை, 10 மணிக்கும் மூன்றாம் பக்கத்துக்கான வினவல் 10.05க்கும் ஓடினால், இடையில் ஒரு விற்பனையாளர் ஒரு தொகையைத் திருத்திவிட்டால் போதும், இரண்டு பக்கங்களின் கூட்டுத்தொகையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. தரவை மூலத்திலிருந்து ஒரே மூச்சில் இழுத்து, நாளும் நேரமும் குறித்த நகலாகச் சேமித்து, ஆய்வு முழுவதையும் அந்த நகலின் மீதே நடத்த வேண்டும். கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்த ஏற்பாட்டை நோக்கியே செல்கின்றன.

முதல் படி: கணக்கும் அனுமதியும்

நிரல் எழுதத் தொடங்குவதற்கு முன் உங்கள் சேல்ஸ்ஃபோர்ஸ் நிர்வாகியிடம் பேசுங்கள். முதலில் கேட்க வேண்டியது, உங்கள் நிறுவனம் வாங்கியிருக்கும் பதிப்பில் ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழி) அணுகல் இருக்கிறதா என்பதுதான். எண்டர்பிரைஸ், அன்லிமிடெட், டெவலப்பர் பதிப்புகளில் அது உடன் வருகிறது. ப்ரொஃபஷனல் பதிப்பில் தனியாகக் கட்டணம் செலுத்தித்தான் பெற வேண்டும். பழகிப் பார்க்க மட்டும் விரும்புபவர்கள் டெவலப்பர் பதிப்பில் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். எட்ஜ் கம்யூனிகேஷன்ஸ், பர்லிங்டன் டெக்ஸ்டைல்ஸ் போன்ற கற்பனை வாடிக்கையாளர்கள் அதில் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருப்பதால், கீழ்க்காணும் படிகளில் பெரும்பாலானவற்றை நிறுவனத் தரவைத் தொடாமலேயே செய்து பார்க்க முடியும்.

அடுத்து, அறிக்கைக்கென்றே தனியான ஒரு பயனர் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் சொந்தக் கணக்கிலேயே நிரலை ஓடவிட்டால், நீங்கள் கடவுச்சொல்லை மாற்றும் நாளில் அறிக்கை நின்றுவிடும். நீங்கள் வேறு பிரிவுக்கு மாறினால் உங்கள் பார்வை எல்லை மாறி, அறிக்கையின் எண்களும் மாறிவிடும். இதற்கென்றே சேல்ஸ்ஃபோர்ஸ் இன்டக்ரேஷன் என்ற உரிம வகை உள்ளது. அதில் திரைவழி உள்நுழைவு கிடையாது. ஏபிஐ வழியாக மட்டுமே அந்தப் பயனர் உள்ளே வர முடியும். எண்டர்பிரைஸ் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இத்தகைய உரிமங்கள் சில கூடுதல் கட்டணமின்றியே கிடைப்பதால், செலவைக் காரணம் காட்டி இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

புதியவர்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டிய ஒரு வேறுபாடு இங்கே இருக்கிறது. அந்தப் பயனருக்கு ஒரு புலத்தைப் பார்க்க அனுமதி இல்லையென்றால், அந்தப் புலத்தைக் கேட்கும் வினவல் ‘அப்படி ஒரு நெடுவரிசை இல்லை’ என்ற பிழைச் செய்தியுடன் உடனே நின்றுவிடும். ஆனால் சில பதிவுகளைப் பார்க்க அனுமதி இல்லையென்றால் பிழை எதுவும் வராது. பார்க்கக்கூடிய பதிவுகளை மட்டும் தந்துவிட்டு வினவல் அமைதியாக முடிந்துவிடும். கோவைக் கிளையின் பதிவுகள் முழுவதும் விடுபட்டிருந்தாலும் உங்கள் வரைபடம் அழகாகவே வரும். ஆகவே ஆய்வுக்கு வேண்டிய ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும், அதாவது அட்டவணைக்கும், எல்லாப் பதிவுகளையும் படிக்கும் வியூ ஆல் அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்று நிர்வாகியிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். எழுதும் அனுமதி, திருத்தும் அனுமதி, அழிக்கும் அனுமதி எதையும் வாங்காதீர்கள். அறிக்கைக்கு அவை தேவையில்லை.

இரண்டாம் படி: உள்நுழைவு

பயனர் பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு டோக்கன் ஆகிய மூன்றையும் நிரலில் தந்து உள்ளே போகும் பழைய முறையை இணையத்தில் உள்ள பல பாடங்கள் இன்றும் கற்பிக்கின்றன. அந்த முறையைச் சேல்ஸ்ஃபோர்ஸ் படிப்படியாக விலக்கி வருவதால், புதிதாகத் தொடங்குபவர்கள், கடவுச்சொல்லை நிரலிடம் தராமலேயே அனுமதி பெறும் ஓஆத் முறையிலேயே தொடங்குவது நல்லது.

உங்கள் கணினியில் அமர்ந்து நீங்களே ஓட்டிப் பார்க்கும் கட்டத்தில் வேலை எளிது. ஆரில் சேல்ஸ்ஃபோர்சர் என்ற தொகுப்பை, ஆர் தொகுப்புகளின் இணையக் களஞ்சியமான க்ரானிலிருந்து நிறுவி, எஸ்எஃப்_ஆத் என்ற கட்டளையை இயக்கினால் உலாவி திறக்கும். அதில் உள்நுழைந்து சம்மதம் தந்தால் ஆருக்கு ஒரு டோக்கன், அதாவது தற்காலிக அனுமதிச் சரம், கிடைத்துவிடும். சோதனைச் சூழலான சாண்ட்பாக்ஸுக்குள் செல்வதானால் உள்நுழைவு முகவரி வேறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். திரைவழி உள்நுழைவு இல்லாத இன்டக்ரேஷன் பயனரால் இந்த வழியில் வர முடியாது என்பதால், இந்தக் கட்டத்தில் உங்கள் சொந்தக் கணக்கையோ டெவலப்பர் பதிப்பையோ பயன்படுத்திக்கொள்ளலாம்.

நள்ளிரவில் யாரும் இல்லாதபோது நிரல் தானாக ஓட வேண்டுமானால் உலாவியைத் திறந்து சம்மதம் தர ஆள் இருக்காது. அதற்குக் க்ளையன்ட் க்ரெடென்ஷியல்ஸ் என்ற ஓஆத் வழி பொருந்தும். நிர்வாகி ஓர் எக்ஸ்டர்னல் க்ளையன்ட் ஆப்பை உருவாக்கி, அது எந்தப் பயனராக இயங்க வேண்டும் என்று அந்த இன்டக்ரேஷன் பயனரைக் குறிப்பிட்டு, உங்களிடம் கன்ஸ்யூமர் கீ, கன்ஸ்யூமர் சீக்ரெட் என்ற இரண்டு சரங்களைத் தருவார். ஆரில் ஹெச்டிடிஆர்2 தொகுப்பைக் கொண்டு அவற்றைக் கொடுத்து டோக்கன் பெறலாம். டோக்கன் கேட்கும் முகவரி பொதுவான உள்நுழைவு முகவரியாக இருந்தால் இந்த வழி மறுக்கப்படும். உங்கள் நிறுவனத்துக்கென அமைந்த மை டொமைன் முகவரியையே தர வேண்டும். முதல்முறை இணைப்பவர்கள் மணிக்கணக்கில் தலையைச் சொறிந்துகொள்ளும் இடம் இதுதான்.

அந்த இரண்டு சரங்களையும் நிரல் கோப்பில் எழுதவே கூடாது. நிரல் கோப்பு மின்னஞ்சலில் போகும், நிரல் பதிப்புகளைச் சேமிக்கும் கிட்டில் ஏறும், சக ஊழியரின் மடிக்கணினியில் தங்கும். பெயர் புள்ளியில் தொடங்கும் ஆர்என்விரான் என்ற அமைப்புக் கோப்பிலோ, இயங்குதளத்தின் பாதுகாப்புப் பெட்டகத்தைப் பயன்படுத்தும் கீரிங் தொகுப்பிலோ அவற்றை வைத்து, நிரலிலிருந்து பெயரால் மட்டும் அழையுங்கள்.

மூன்றாம் படி: என்ன இருக்கிறது என்று பார்த்தல்

விற்பனை அறிக்கைக்குப் பெரும்பாலும் நான்கு ஆப்ஜெக்ட்டுகள் போதும்: வாடிக்கையாளர் நிறுவனங்களுக்கு அக்கவுன்ட், அங்குள்ள மனிதர்களுக்கு கான்டாக்ட், இன்னும் உறுதியாகாத விசாரணைகளுக்கு லீட், பேச்சுவார்த்தையில் உள்ள ஒவ்வொரு விற்பனை வாய்ப்புக்கும் ஆப்பர்ச்சூனிட்டி. திரையில் நீங்கள் காணும் பெயர் வேறு, ஏபிஐ ஏற்கும் பெயர் வேறு. திரைப் பெயரை நிர்வாகி எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார். ஏபிஐ பெயர் எளிதில் மாறாது. உங்கள் நிறுவனம் தானாகச் சேர்த்த புலங்களின் ஏபிஐ பெயர் இரண்டு அடிக்கோடுகளும் ஒரு சி எழுத்துமாக முடியும் என்பதைக் கொண்டு அவற்றை அடையாளம் காணலாம்.

சேல்ஸ்ஃபோர்சர் தொகுப்பில் உள்ள டிஸ்க்ரைப் வகைக் கட்டளைகள் ஓர் ஆப்ஜெக்ட்டின் எல்லாப் புலங்களையும், அவற்றின் வகையையும், பட்டியல் புலங்களில் அனுமதிக்கப்பட்ட மதிப்புகளையும் ஓர் அட்டவணையாகத் தரும். சில ஆண்டுகள் புழங்கிய அமைப்பில் ஆப்பர்ச்சூனிட்டிக்கு மட்டுமே நூற்றுக்கும் மேற்பட்ட புலங்கள் இருப்பதும், அவற்றில் பாதிக்கு மேல் யாரும் நிரப்பாமல் கிடப்பதும் சாதாரணம். விற்பனைக் குழுவில் நெடுநாள் இருக்கும் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, எதை உண்மையில் நிரப்புகிறார்கள், எதைக் கட்டாயம் என்பதால் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடந்துபோகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஆவணத்திலும் இந்தத் தகவல் கிடைக்காது.

நான்காம் படி: முதல் வினவல்

சேல்ஸ்ஃபோர்ஸின் வினவல் மொழி எஸ்ஓக்யூஎல். எஸ்க்யூஎல் தெரிந்தவர்களுக்கு இது பழக்கமானதாகத் தோன்றும். ஆனால் எல்லா நெடுவரிசைகளையும் கொடு என்று நட்சத்திரக் குறியிட்டுக் கேட்க இதில் வழியில்லை. வேண்டிய புலங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். தொடக்க வினவல் இப்படி அமையலாம்: செலக்ட் ஐடி, அக்கவுன்ட்.நேம், ஸ்டேஜ்நேம், அமவுன்ட், க்ளோஸ்டேட், கிரியேட்டட்டேட், இஸ்க்ளோஸ்ட், இஸ்வொன் ஃப்ரம் ஆப்பர்ச்சூனிட்டி வேர் கிரியேட்டட்டேட் = திஸ்_ஃபிஸ்கல்_இயர்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அக்கவுன்ட்.நேம் என்று புள்ளி வைத்துக் கேட்பதன் மூலம் வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெயரை இன்னோர் அட்டவணையிலிருந்து தனியாக இணைக்காமலேயே பெற்றுவிடலாம். நிதியாண்டைப் பொறுத்தவரை, சேல்ஸ்ஃபோர்ஸ் இயல்பாக ஜனவரியில் தொடங்குவதாகவே கொள்கிறது. ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கிடும் இந்திய நிறுவனத்தில் நிர்வாகி அந்த அமைப்பை மாற்றியிருந்தால் மட்டுமே மேற்கண்ட வினவல் நீங்கள் எதிர்பார்ப்பதைத் தரும்.

எஸ்எஃப்_குவெரி கட்டளையில் இந்த வினவலைக் கொடுத்தால் விடை ஆரின் டிபிள் அட்டவணையாக வந்துவிடும். ரெஸ்ட் எனப்படும் சாதாரண ஏபிஐ வழியில் ஒரு தவணைக்கு அதிகபட்சம் 2,000 பதிவுகள் வரும். எஞ்சியவற்றைத் தொகுப்பே அடுத்தடுத்துக் கேட்டு ஒன்றாகச் சேர்த்துவிடும். 1,00,000 பதிவுகளுக்குக் குறைந்தது 50 அழைப்புகள் செலவாகும். 24 மணி நேரத்துக்கான அழைப்பு உச்சவரம்பு டெவலப்பர் பதிப்பில் 15,000. எண்டர்பிரைஸில் 1,00,000, அதற்கு மேல் ஒவ்வொரு பயனர் உரிமத்துக்கும் 1,000. ஓர் அறிக்கை இந்த வரம்பைத் தொடுவது அரிதுதான் என்றாலும், நிறுவனத்தின் மற்ற மென்பொருள்களும் அதே கணக்கிலிருந்துதான் செலவழிக்கின்றன. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முழுத் தரவையும் இழுக்கும் நிரலை எழுதினால் நிர்வாகியிடமிருந்து அழைப்பு வரும்.

பதிவுகள் பல்லாயிரமாகும்போது மொத்தமாக இழுக்கும் பல்க் 2.0 வழிக்கு மாறுங்கள். ஏபிஐ வகையைக் குறிக்கும் அளவுருவை மாற்றினால் போதும். அது வேலையை வரிசையில் போட்டு, முடிந்தபின் சிஎஸ்வி வடிவில் விடை தரும். எண்ணிக்கை, கூட்டுத்தொகை போன்ற தொகுப்புக் கணக்குகளைப் பல்க் வழி ஏற்காது என்பதால், தரவைப் பல்க்கிலும் சரிபார்க்கும் எண்களை ரெஸ்டிலும் வாங்குவது நடைமுறையில் வசதியானது.

ஏற்கெனவே சேல்ஸ்ஃபோர்ஸில் தயாராக இருக்கும் அறிக்கையையே ஆருக்குள் இழுத்துவிடலாமே என்று தோன்றும். அதற்கும் கட்டளை உண்டு. ஆனால் அறிக்கைகளுக்கான அந்த ஏபிஐ முதல் 2,000 விவர வரிசைகளோடு நின்றுவிடுகிறது. சிறிய அறிக்கையில் சரியாக வேலை செய்து, நிறுவனம் வளர்ந்தபின் பொய் சொல்லத் தொடங்கும் இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஐந்தாம் படி: வந்தது முழுமையா என்று பார்த்தல்

தரவு வந்த உடனே வரைபடம் போடும் ஆசை வரும். அதற்கு முன் மூன்று எண்களை ஒப்பிடுங்கள்: மொத்தப் பதிவுகள், மொத்தத் தொகை, மிகச் சமீபத்தில் திருத்தப்பட்ட பதிவின் நேரம். முதல் இரண்டையும், எல்லாத் தரவையும் பார்க்க அனுமதியுள்ள ஒருவரின் திரையில் ஓடும் அறிக்கையோடு ஒப்பிட வேண்டும். உங்கள் பயனர் கணக்கிலேயே எண்ணிச் சரிபார்த்தால் அனுமதி இல்லாத பதிவுகள் இரண்டு பக்கமும் விடுபட்டு, எண்கள் கச்சிதமாகப் பொருந்தி, குறை கண்ணுக்குத் தெரியாமலேயே போய்விடும்.

பழைய எக்செல் கோப்புகளோடு இணைக்கும்போது இன்னொரு சிக்கல் வரும். ஏபிஐ தரும் ஐடி 18 எழுத்துகள் கொண்டது. திரையில் ஓடும் அறிக்கையிலிருந்து இறக்கிய ஐடி 15 எழுத்துகள் கொண்டது. இரண்டையும் அப்படியே இணைத்தால் ஒரு வரிசைகூடப் பொருந்தாது. பதினெட்டின் முதல் 15 எழுத்துகளை வெட்டி எடுத்து ஆரில் இணைத்தால் சரியாக வரும், ஏனெனில் ஆர் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்திப் பார்க்கும். எக்செலின் விலுக்அப் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரே எழுத்துகளைப் பெரிதும் சிறிதுமாக மாற்றி எழுதிய இரண்டு 15 எழுத்து ஐடிகள் இரண்டு வெவ்வேறு வாடிக்கையாளர்களாக இருக்க, எக்செல் இரண்டையும் ஒருவராகவே கொண்டு, ஒருவரது தொகையை மற்றவர் பெயரில் எழுதிவிடும். எப்போதும் 18 எழுத்து ஐடியையே சேமியுங்கள்.

ஆறாம் படி: தரவைப் பதப்படுத்துதல்

வகைகளை ஆர் ஊகித்துக்கொள்ள விட்டால் சில நேரம் தவறாக ஊகிக்கும். முதல் சில வரிசைகள் காலியாக இருக்கும் புலத்தை அது தருக்க மதிப்பாகக் கொண்டுவிடலாம். சுழியத்தில் தொடங்கும் தொலைபேசி எண்ணை எண்ணாகக் கொண்டு அந்தச் சுழியத்தை விழுங்கிவிடலாம். எந்தப் புலம் என்ன வகை என்பதை டிஸ்க்ரைப் அட்டவணையிலிருந்து எடுத்து நீங்களே அறிவித்துவிடுங்கள். தொகை நிரப்பப்படாத பதிவுகள் காலி மதிப்பாக வரும். அவற்றைக் கவனிக்காமல் கூட்டினால் மொத்தமும் காலியாகவே வரும். அவற்றை நீக்கிக் கூட்டுவதா, எத்தனை பதிவுகளில் தொகை இல்லை என்பதையும் அறிக்கையில் தனியாகக் காட்டுவதா என்றால், நான் இரண்டையும் செய்யச் சொல்வேன்.

நேர மண்டலம் இதைவிடத் தொல்லை தருவது. கிரியேட்டட்டேட் போன்ற நேரப் புலங்கள் ஏபிஐ வழியாக யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் வருகின்றன. சென்னையிலிருந்து அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக இரவுப் பணி செய்யும் ஒருவர் ஏப்ரல் 1ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு ஒரு வாய்ப்பைப் பதிவு செய்தால், ஆருக்குள் அது மார்ச் 31 இரவு 8.30 என்று வந்து சேரும். நேரத்தை நீக்கி நாளை மட்டும் எடுத்தால் அந்த வாய்ப்பு முந்தைய நிதியாண்டுக்குள் போய் விழும். லூப்ரிடேட் தொகுப்பின் வித்_டிஇசட் கட்டளையால் ஆசியா/கொல்கத்தா மண்டலத்துக்கு மாற்றிய பிறகே நாளைப் பிரித்தெடுங்கள். அதே தொகுப்பில் உள்ள ஃபோர்ஸ்_டிஇசட் கடிகாரத்தை நகர்த்தாமல் மண்டலப் பெயரை மட்டும் மாற்றும். அதை இங்கே பயன்படுத்தக் கூடாது. க்ளோஸ்டேட் நாள் மட்டுமே உள்ள புலம் என்பதால் அதற்கு எந்த மாற்றமும் வேண்டாம். வினவலுக்குள் எழுதும் திஸ்_மன்த் போன்ற சொற்களோ இணைந்திருக்கும் பயனரின் நேர மண்டலத்தைப் பின்பற்றுகின்றன. ஆகவே அறிக்கைக்கான பயனரின் மண்டலத்தையும் இந்திய நேரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

பல நாணயங்களில் விற்கும் நிறுவனமானால் அமவுன்ட் புலத்துடன் கரன்சிஐஎஸ்ஓகோட் புலத்தையும் சேர்த்து வாங்குங்கள். அமவுன்ட் அந்தந்தப் பதிவின் நாணயத்திலேயே வருவதால், அது இல்லாமல் கூட்டினால் ஒரு லட்சம் ரூபாயும் ஒரு லட்சம் டாலரும் சமமாகிவிடும்.

விற்பனை நிலைகளின் வரிசையையும் சரிசெய்ய வேண்டும். ஆர் அவற்றை அகரவரிசையில் அடுக்கும். அதனால் க்ளோஸ்டு லாஸ்ட், க்ளோஸ்டு வொன் ஆகிய இரண்டும் வரைபடத்தின் தொடக்கத்திலும், உண்மையில் முதல் நிலைகளான பிராஸ்பெக்டிங்கும் குவாலிஃபிகேஷனும் கடைசிப் பகுதியிலும் வந்து நிற்கும். கையால் வரிசைப்படுத்தலாம்தான், ஆனால் நிர்வாகி புதிய நிலை ஒன்றைச் சேர்க்கும் நாளில் அது உடைந்துவிடும். ஆப்பர்ச்சூனிட்டிஸ்டேஜ் என்ற ஆப்ஜெக்ட்டில் ஸார்ட்ஆர்டர் என்ற புலம் இருக்கிறது; அதை வினவி, அதன்படியே ஃபேக்டர் (ஆரின் வகைப் புலம்) வரிசையை அமைத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.

ஏழாம் படி: நாளிட்ட நகல்

பதப்படுத்திய அட்டவணையை அன்றைய நாளைப் பெயரில் கொண்ட பார்க்கே கோப்பாக ஏரோ தொகுப்பின் மூலம் சேமியுங்கள். சிஎஸ்வியைவிட இடம் குறைவு. வகைகளும் அப்படியே நிலைக்கும். அறிக்கையில் உள்ள ஒவ்வோர் எண்ணும் இந்தக் கோப்பிலிருந்தே பிறக்கட்டும். தலைப்புக்குக் கீழே எந்த நாள், எந்த நேரத்துத் தரவு என்று அச்சாகட்டும்.

இந்த நகல்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஆப்பர்ச்சூனிட்டி பதிவு இன்றைய நிலையை மட்டுமே காட்டும். மார்ச்சில் முடியும் என்று சொல்லப்பட்ட விற்பனை மே மாதத்துக்கும் பிறகு ஆகஸ்டுக்கும் தள்ளப்பட்டிருந்தால் உங்களுக்குத் தெரிவது ஆகஸ்ட் மட்டுந்தான். வங்கி இருப்பு தெரிகிறது, பாஸ்புக் கையில் இல்லை என்பதைப் போன்ற நிலை. ஆப்பர்ச்சூனிட்டிஹிஸ்டரி என்ற ஆப்ஜெக்ட் நிலை, தொகை, முடிவு நாள் ஆகியவற்றின் மாற்றங்களை வைத்திருக்கிறது என்பதால் அதையும் வினவிக்கொள்ளலாம். மற்றப் புலங்களின் பழைய மதிப்புகளுக்கு, நிர்வாகி முன்கூட்டியே வரலாற்றுப் பதிவை இயக்கி வைத்திராவிட்டால், உங்கள் நகல்களே ஒரே ஆதாரம்.

தினமும் முழுத் தரவையும் இழுப்பதா, மாறியவற்றை மட்டும் இழுப்பதா என்ற கேள்வி எழும். பதிவுகள் சில லட்சங்களுக்குள் இருந்தால் இரவில் ஒருமுறை முழுவதையும் இழுத்துவிடுங்கள். மாறியவற்றை மட்டும் இழுப்பது கேட்க நன்றாக இருந்தாலும் அதில் கண்ணிகள் அதிகம். அதற்கு லாஸ்ட்மாடிஃபைட்டேட் போதாது, தானியங்கி மாற்றங்களையும் பதியும் சிஸ்டம்மாட்ஸ்டாம்ப் வேண்டும். சூத்திரப் புலங்களின் மதிப்பு மாறினாலும் அந்த நேரமுத்திரை மாறாது என்பதால் அவற்றை நம்ப முடியாது. அழிக்கப்பட்ட பதிவுகள் சாதாரண வினவலில் வராமல் உங்கள் நகலில் என்றென்றும் உயிரோடு இருக்கும். அவற்றைப் பிடிக்கக் குவெரிஆல் வகை வினவல் தேவை, அதுவும் மறுசுழற்சித் தொட்டியில் அவை இருக்கும் 15 நாட்களுக்குள்.

எட்டாம் படி: வெற்றி விகிதம் போன்ற எண்களில் கவனம்

இணைப்பு வேலை செய்யத் தொடங்கியதும் முதலில் கேட்கப்படும் எண் வெற்றி விகிதமாகத்தான் இருக்கும். வென்றவற்றை மொத்த வாய்ப்புகளால் வகுத்தால், இன்னும் பேச்சில் இருப்பவை தோற்றவையாகக் கணக்காகிவிடும். முடிந்தவற்றால் மட்டும் வகுத்தால், சமீபத்திய மாதங்களில் சீக்கிரம் முடிந்தவை மட்டுமே கணக்கில் வரும். சிறிய விற்பனைகள் சீக்கிரம் முடிவதும் பெரியவை இழுத்துக்கொண்டு போவதும் இயல்பு என்பதால், சென்ற மாதம் உருவான வாய்ப்புகளின் விகிதம் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். நேரடித் தரவில் இந்தச் சாய்வு எப்போதும் கடைசி மாதத்தில், அதாவது எல்லோரும் உற்றுப் பார்க்கும் இடத்தில், குடியிருக்கிறது.

புள்ளியியல் மென்பொருளை இணைத்ததன் பலன் இங்கேதான் கிடைக்கிறது. சர்வைவல் தொகுப்பைக் கொண்டு, உருவான நாளிலிருந்து எத்தனை நாளில் எத்தனை பங்கு வெல்லப்பட்டது என்று, இன்னும் முடியாதவற்றைத் தணிக்கையுற்றவையாக, அதாவது முடிவு இதுவரை தெரியாதவையாகக் கொண்டு மதிப்பிடலாம். தோற்றவற்றையும் தணிக்கையுற்றவையாகக் கொண்டுவிடாதீர்கள். அப்படிச் செய்தால் வெற்றி வாய்ப்பு உண்மையைவிட அதிகமாகத் தெரியும். வெற்றி, தோல்வி இரண்டையும் தனித்தனி நிகழ்வு நிலைகளாகக் கொண்ட ஃபேக்டராகக் கொடுத்தால் சர்வ்ஃபிட் கட்டளை இரண்டையும் போட்டியிடும் முடிவுகளாகக் கையாளும்.

எந்த வாய்ப்பு வெல்லும் என்று கணிக்கும் மாதிரி எழுதப் போகிறவர்கள் ப்ராபபிலிட்டி புலத்தைத் தொடாதீர்கள். அது நிலையைப் பார்த்துத் தானாக நிரம்பும் எண். வென்றவுடன் 100, தோற்றவுடன் 0. முடிந்த பதிவுகளில் அதை வைத்து மாதிரியைப் பழக்கினால், விடைத்தாளைப் பார்த்துத் தேர்வெழுதிய மாதிரி ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். முடிவுக்கு முந்தைய நாளிட்ட நகல்களில் இருந்த மதிப்புகளையே பயன்படுத்த வேண்டும்.

ஒன்பதாம் படி: தானாக ஓடவிடுதல்

அறிக்கையை, நிரலும் உரையும் சேர்ந்த குவார்ட்டோ கோப்பாக எழுதி, லினக்ஸில் க்ரான் (மேலே சொன்ன தொகுப்புக் களஞ்சியம் அல்ல, நேரம் குறித்து இயக்கும் கருவி) மூலமும் விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர் மூலமும் நேரம் குறித்து ஓடவிடலாம். தரவை இழுக்கும் நிரலையும் அறிக்கை எழுதும் கோப்பையும் தனித்தனியாக வையுங்கள். வரைபடத்தில் ஒரு நிறத்தை மாற்றுவதற்காக முழுத் தரவையும் மறுபடி இழுக்க வேண்டிவராது. கையால் ஓட்டும்போது ஓடிய நிரல் ஷெட்யூலரில் உள்நுழைவுப் பிழை தந்தால், பெரும்பாலும் அது வேறு பயனர் கணக்கில் ஓடி, உங்கள் ஆர்என்விரான் கோப்பைக் காணாமல் தவிக்கிறது என்று பொருள்.

இழுத்தவுடன் சில காவல் வரிகளை எழுதுங்கள். நேற்றைய நகலைவிடப் பதிவுகள் கணிசமாகக் குறைந்திருந்தால், ஐடி இரட்டித்திருந்தால், தெரியாத நிலைப் பெயர் ஒன்று வந்திருந்தால் நிரல் நின்று உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பட்டும். பிழையான அறிக்கை நேரத்துக்குப் போவதைவிட அறிக்கை தாமதமாவது மேல்.

கடைசியாகத் தனிநபர் தரவு. சேல்ஸ்ஃபோர்ஸுக்குள் யார் எதைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு இருக்கிறது. உங்கள் பார்க்கே கோப்பில் அது இல்லை. கோப்புறையைத் திறக்க முடிந்த எவரும் அதில் உள்ள அனைத்தையும் பார்த்துவிடலாம். இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் இருந்தால் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியும் பொருந்தும். வெற்றி விகிதம் கணக்கிட யாருடைய கைபேசி எண்ணும் தேவையில்லை. பெயர், மின்னஞ்சல், தொலைபேசி ஆகியவற்றை வினவலிலேயே சேர்க்காமல் ஐடியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாடிக்கையாளர் தன் தகவலை நீக்கச் சொல்லும்போது, அந்த ஐடியைக் கொண்டு எல்லாப் பழைய நகல்களிலும் தேடி நீக்கும் சிறு நிரல் ஒன்றையும் இப்போதே எழுதி வையுங்கள். நீங்கள் பயன்படுத்தும் புலங்களின் பட்டியலை நிர்வாகியிடம் கொடுத்து, அவற்றில் எதையாவது மாற்றுவதற்கு முன் உங்களுக்குத் தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.